இறக்கத்தை ஆண்டவன் பாப்பான்

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு சைக்கிள் பிறேக் கட்டை இருக்கிறது. இந்தப் பதினைந்து வருடங்களில் கைப்பைகள் ஐந்தாறு மாறிவிட்டன, கட்டை மாறவில்லை. ஒருநாள் பாடசாலையில் ஆசிரியர் அறை மேசையில் அலுமாரித் திறப்பைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது அதுவும் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதென்ன ரீச்சர், ஏதும் மருந்தே?" என்று கேட்டார். "ஓம், மறதிக்கு" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். புதுக் கட்டையென்றால் றப்பர் ஒரு விரல் தடிப்பில் இருக்கும், அதன் முகத்தில் தண்ணீர் வடிய மூன்று வெட்டுகள் இருக்கும். என்னிடம் இருப்பதில் அந்த வெட்டுகள் இல்லை. ஒரு பக்கத்தில் றப்பர் அப்பளத் தடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்தில் அதுவும் போய், உள்ளே இருக்கிற இரும்புத் தகடு வெளியே தெரிகிறது. தகட்டில் சில்லின் றிம் உரசிய கீறல்கள். கைவைத்தால் இப்போதும் நகத்தில் தட்டுப்படும்.

இதை இப்படித் தேய்த்தவர் என் அத்தான், என் ஒரே அக்காவின் கணவர். சண்டிலிப்பாயில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். நல்லநாள் பெருநாளுக்கு அவரும் நானும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறோம், அவர் எனக்கு அப்பளம் எடுத்து வைக்கிறார். காலமானவர்களைப் பற்றி எழுதும்போது ஓர் அடக்கம் வேண்டும் என்பார்கள். அவர் உயிரோடு இருப்பதால் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வசனத்தைக் கேட்கத்தான் இவ்வளவு காலமும் காத்திருக்கிறேன். "பிறேக்கைத் தளர்த்தினது நான்தான்." அவ்வளவுதான். மன்னிப்புக்கூட வேண்டாம். அந்த வசனத்தை மட்டும் சொல்லட்டும்.

அத்தான் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் மாறிமாறி வைப்பார். இளந்தாரியாக இருந்த காலத்தில் பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் நடக்கிற சைக்கிள் ஓட்டங்களில் ஓடி, ஒரு சுவர் மணிக்கூடும் இரண்டு குத்துவிளக்கும் வென்றவர். மூன்றும் முன் விறாந்தையில் வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கும், மணிக்கூடு ஓடாவிட்டாலும். ஐயா காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு ஆண்துணை என்று வந்து சேர்ந்தவர் அவர்தான். கிணற்று மோட்டருக்கு என்ன கோளாறு என்பது முதல் அமெரிக்காவில் யார் சனாதிபதியாக வரவேண்டும் என்பது வரை அவரிடம் முடிவு இருக்கும். 'தெரியாது' என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

போர் முடிந்து தெற்குக்குப் பாதை திறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம் அது. மலைநாட்டில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் ஓட்டப் போட்டி வைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அடிவாரத்து ஊரில் தொடங்கி, மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி முடிகிற போட்டி. அதில் நன்றாக ஓடுகிறவர்களுக்கு மாகாண அணியில் இடம் கிடைக்கலாம் என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் ஓட்டங்கள் இரண்டில் முதலாவதாக வந்திருந்தேன், யாரும் பழக்காமலே. அந்த அணியில் ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. பெண்பிள்ளை அரைக்காற்சட்டையோடு றோட்டில் சைக்கிள் ஓடுவதா என்று அம்மா மறித்தபோது, அவரோடு கதைத்துச் சம்மதிக்க வைத்தவர் அத்தான்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பார்த்து, "நீ பயப்பிடாதை பிள்ளை, மலையேற நான் பழக்கிறன்" என்றார்.

மலையேறுவதை யாழ்ப்பாணத்தில் எங்கே பழகுவது? கீரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அங்கே போனால் கேணியும் கடலும்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் சைக்கிள்காரர் சீற்றிலிருந்து எழும்பி மிதிக்கிற ஒரே இடம் மதகு. அதுவும் நாலு மிதியில் முடிந்துவிடும். நான் இப்போது புவியியல் படிப்பிக்கிறேன். சமவுயரக் கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து என்று கரும்பலகையில் வரைந்து காட்டும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு அது வெறும் கோடு. அன்றைக்கு எனக்கும் அத்தானுக்கும்கூட அப்படித்தான் இருந்தது. அத்தான் மலையைக் கண்டது ஒரே ஒருமுறை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில், ரயில் சன்னலால்.

மலை இல்லையென்று அவர் தளரவில்லை. தானே ஒரு மலையைச் செய்தார். என் சைக்கிள் யாரோ ஓடிக் கைமாறிய றேசிங் சைக்கிள். அதன் பிறேக் கம்பியில் இருக்கும் சின்னத் திருகாணியை அவர் இறுக்குவார். கட்டைகள் இரண்டு பக்கமும் வந்து றிம்மைக் கவ்விக்கொள்ளும். சில்லு சுற்றும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உயிரைப் பிடுங்கும். இத்தனை திருப்பு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு திருப்பு சின்ன மேடு. இரண்டு திருப்பு நல்ல ஏற்றம். "இண்டைக்கு மூண்டு திருப்பு" என்று காலையில் சொன்னால் சப்பாத்துக் கயிற்றைக் கட்டவே எனக்கு நெடுநேரம் எடுக்கும். கரியரில் யூரியாப் பையில் ஆற்றுமணல் வேறு. கட்டை தேயத் தேய உரசல் குறையும், அவர் திருகாணியை இன்னும் இறுக்குவார். தேய்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பிறேக் என்பது சைக்கிளை நிற்பாட்டுகிற சாமான் என்பதை அவர் அப்போது மறந்தே போயிருந்தார். அவருக்கு அது மலை.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பொன்னாலைப் பாலத்துக்குப் போவோம். காரைநகருக்குப் போகிற அந்த நீண்ட பாதையில் இரண்டு பக்கமும் கடல்தான். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் இடது கன்னத்தில் உப்பு அறைந்துகொண்டே இருக்கும். அத்தான் மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் வருவார். முன்னால் போனால் காற்றை மறைத்துவிடுவாராம், எனக்குச் சுகமாகப் போய்விடுமாம். பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வரும். "சீற்றாலை எழும்பாதை. எழும்பினால் திரும்பி முதல்லை இருந்து ஓடவேணும்." மூச்சு முட்டி ஒருமுறை நின்றுவிட்டேன். "என்ன நிக்கிறாய்? மலை உன்னைப் பாத்து இரங்கப் போகுதே? சோழகம் களைச்சுப் போகும் பிள்ளை, மலை களைக்காது" என்றார். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு இன்னும் முட்டும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் அக்காவிடம் சொன்னால், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு நின்று, "அவர் உன்ரை நல்லதுக்குத்தானே சொல்லுறார்" என்பாள். சாப்பாடும் அவர் கட்டளைப்படிதான். காலையில் உழுத்தம்மாக் களி, ஓடும்போது வாயில் அடக்க ஒரு துண்டுப் பனங்கட்டி, பின்னேரம் இரண்டு முட்டை. நான் படுத்திருந்தால் எழுப்புவார். நடந்தால் ஏன் மெதுவாக நடக்கிறாய் என்பார். வீட்டுக்கு வருகிற சனத்துக்கெல்லாம், "உவளை நான் மலையிலை ஏத்திக் காட்டுறன்" என்பார், ஏறப்போவது தானே என்பது மாதிரி. முன் விறாந்தையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தார். அது என் கிண்ணத்துக்காம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பழக்கம் வேலை செய்தது. பங்குனியில் ஒரு திருப்போடு பாலத்தின் பாதியில் செத்துப் போனவள், ஆடியில் நாலு திருப்போடும் மணலோடும் போய்த் திரும்பி, வீட்டுக்கு வந்து கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். தொடை இரண்டும் மரம்மாதிரி ஆகியிருந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் மூச்சில் இருந்தது. முந்தி, நெஞ்சு எரியத் தொடங்கினால் முடிந்தது என்று நினைப்பேன். பிறகு பிறகு, அந்த எரிவு வந்தபிறகுதான் ஓட்டமே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டேன். எரிவோடு சண்டை பிடிக்காமல், அதைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரே சீராக மிதித்தால் ஒரு மணித்தியாலம் போகலாம். இதை எனக்குப் பழக்கியது அத்தான். நல்லதைச் செய்த கைதான் மற்றதையும் செய்தது என்பதால்தான் என் கோபம் இவ்வளவு காலம் பழுதாகாமல் இருக்கிறது.

இறக்கத்தைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டேன். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும். "அத்தான், ஏறினபிறகு இறங்க வேணுமே, அதுக்கு ஒண்டும் பழகத் தேவையில்லையே?" அவர் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இறங்கிறதுக்கு ஆரும் பழகுவினமே? ஏத்தத்தை நீ பார், இறக்கத்தை ஆண்டவன் பாப்பான்" என்றார். நல்ல பேச்சு என்று நானும் நினைத்தேன். அக்கா சிரித்தாள், அம்மா சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தட்டையான ஊரில் பிறந்த நாலு பேர் கூடி இருந்து, கீழே விழுவதைப் பற்றி அவ்வளவுதான் யோசித்தோம்.

வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நான், அத்தான், சாரதி, சைக்கிள் என்று போனோம். போட்டி நாள் காலையில் அடிவாரத்தில் குளிர் காதைப் பிடித்தது. சுற்றிவர மற்றப் பெட்டைகள் கைகாலை உதறிக்கொண்டு நின்றார்கள். அத்தான் பையிலிருந்து குறடொன்றை எடுத்தார். "இவ்வளவு நாளும் நீ மலையைக் கட்டிக்கொண்டு ஓடினனி. இண்டைக்கு அதை அவிட்டுவிடுறன். பார், பறக்கப் போறாய்" என்று சொல்லி, முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தளர்த்தினார். ஒரு திருப்பு, இரண்டு திருப்பு, அப்படியே கடைசி வரைக்கும். பிறகு முன்சில்லைத் தூக்கி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சில்லு சத்தமில்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் ஏறி இருந்து பிறேக் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். அது நேரே வந்து ஹாண்டிலில் முட்டியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் பங்குக்கு நான் விட்ட பிழை அது. அதை ஒளிக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

ஏற்றம் தொடங்கியது. முதல் ஒரு மைல் என் கால்கள் நம்பவில்லை. எங்கே உரசல், எங்கே மணல், எங்கே காற்று என்று தேடின. பிறகு சரிவு கூடியது, வளைவுக்கு மேல் வளைவு வந்தது. மலை என்பது இதுதானா என்று அப்போது தெரிந்தது. காற்று ஒரு மூச்சாவது விட்டுத்தரும், மலை ஒரு மூச்சும் தராது. நெஞ்சு எரியத் தொடங்கியதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது, பழகின ஆளைக் கண்டதுபோல. சீற்றிலிருந்து எழும்பாமல் மிதித்தேன். எனக்கு முன்னால் போனவர்கள் ஒருவர் ஒருவராக எழும்பி மிதித்து, ஆடி, பின்னுக்கு வந்தார்கள். தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், கூடை முதுகில் தொங்க, நிமிர்ந்து பார்த்துக் கைகாட்டினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படிப் போயிருப்பேன். உச்சியில் இருந்த தேநீர்க்கடை கண்ணில் பட்டபோது எனக்கு முன்னால் இரண்டே இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரும் மலைநாட்டுப் பெட்டைகள். உச்சியை எட்டியதும் இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருத்தி சட்டைக்குள் ஒரு பத்திரிகைத் தாளை மடித்து நெஞ்சில் வைத்தாள், குளிர்காற்றுக்கு. மற்றவள் பிறேக்கை இரண்டு தரம் அழுத்தினாள், கிறீச், கிறீச் என்று சத்தம் கேட்டது. நான் என்ன நினைத்தேன்? களைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். பாவம், முடியாமல் நிற்கிறார்கள் என்று நினைத்து, இருவரையும் தாண்டிக்கொண்டு போனேன். பிறேக் பிடித்த பெட்டை என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவளை முந்தியதற்காகக் கத்துகிறாள் என்று நினைத்தேன். பாலத்திலும் சமதரையிலும் மட்டும் ஓடின ஒருத்திதான் அப்படி நினைப்பாள். மலையில் நான் முதலாவதாக இருந்தது அந்த இரண்டு வளைவுக்குத்தான்.

முதல் வளைவில் பறந்தேன். அத்தான் சொன்னது சரி என்றுகூட நினைத்தேன். இரண்டாவது வளைவில் கண்ணில் தண்ணீர் வந்து றோட்டுத் தெரியவில்லை. பிறேக்கை அழுத்தினேன். பிடி ஹாண்டிலில் முட்டியது, சைக்கிள் தன்பாட்டில் போனது. இரண்டு கையாலும் இருந்த பலமெல்லாம் கொடுத்து அழுத்தினேன். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தது, வேகம் குறையவில்லை. மூன்றாவது வளைவில் றோட்டு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். றோட்டோரத்தில் கல்லால் கட்டிய தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கிடந்து, மேலே தேயிலையையும் அதற்கு மேலே வெள்ளையாக நின்ற முகிலையும் பார்த்தேன். இடது தொடை என்னுடையது இல்லாத ஒரு பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அதில் குறையில்லை.

தொடையில் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கட்டிலில் கிடந்த மூன்றாம் நாள், விறாந்தையில் அத்தான் கைத்தொலைபேசியில் ஊருக்குக் கதைப்பது சன்னலால் கேட்டது. "ஏத்தமெல்லாம் அந்தமாதிரி ஏறினவள். இறக்கத்திலை பயந்திட்டாள். பிறேக்கைப் பிடிக்க மறந்திட்டாள், பாவம்." அந்தப் 'பாவம்' எனக்கு ஆணியைவிட வலித்தது. என் இரண்டு உள்ளங்கையிலும் பிறேக் பிடியின் தடம் நீலமாகக் கன்றிப் போய்க் கிடந்தது. பிடிக்க மறந்தவளின் கையில் அது எப்படி வரும்? அத்தான் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், தோடம்பழம் வைப்பார், என் கையை மட்டும் பார்க்கமாட்டார். அக்கா வந்தபோது கையை விரித்துக் காட்டினேன். அவள் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். பிறகு காதருகில் குனிந்து, "இப்ப ஒண்டும் கதையாதை. எனக்கு ஒரு பிள்ளை இருக்கு, வீட்டிலை பிரச்சினை வேண்டாம்" என்றாள். நான் வாயை மூடினேன். மூடிய வாய் மூடியபடியே போய்விட்டது.

வீடு வந்து, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபோது, சைக்கிள் கொட்டிலுக்குள் சாத்திக் கிடந்தது. பின் பிறேக் உடைந்து தொங்கியது. முன் பிறேக்கில் மட்டும் ஒரு கட்டை மிச்சம் இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறவில்லை. கலியாணம் முடித்து இணுவிலுக்கு வந்துவிட்டேன். கோவில் திருவிழாவில் சனத்தோடு நிலத்தில் இருக்க இப்போதும் முடியாது, ஒரு பக்கமாக நின்றுதான் கும்பிடுவேன். அத்தானின் வசனம் மட்டும் நன்றாக ஊன்றிவிட்டது. கலியாண வீடு, செத்தவீடு, எங்கே போனாலும் யாராவது ஒரு மாமி என் காலைப் பார்த்துவிட்டு, "பிறேக் பிடிக்க மறந்திட்டியாம், என்ன பிள்ளை?" என்று கேட்பார். அத்தான் பக்கத்தில் நின்று வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். நான் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். அக்கா பந்தியைப் பார்ப்பாள்.

இந்த வருடம் அக்கா தொலைபேசி எடுத்தாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளைக்கு, என் பெறாமகளுக்கு, இப்போது பதினாறு வயது. அவளும் சைக்கிள் ஓடுகிறாள், பாடசாலைப் பிள்ளைகளுக்கான மலைப் போட்டிக்குப் போகப் போகிறாள். "நீ ஒருக்கா வந்து அவளுக்கு மலையைப் பற்றிச் சொல்லு. அத்தான்தான் கேக்கச் சொன்னவர்" என்றாள். பழக்குவதும் அத்தான்தான் என்றாள். இந்தப் பிள்ளையின் காலும் போகப் போகிறதே என்ற ஒரே நினைப்போடு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அத்தான் கொட்டில் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலைமயிர் நன்றாக வெளுத்துவிட்டது. "வா பிள்ளை. கால் எப்பிடி?" என்றார். "இன்னும் கழண்டு விழேல்லை" என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். "சித்தியைக் கேள், மலையெண்டால் என்னெண்டு சொல்லுவா. அந்தக் காலத்திலை அவவைப்போலை ஏற ஒருத்தரும் இல்லை." பிள்ளை என்னை ஆவலோடு பார்த்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் தேநீர் குடித்துவிட்டு வந்திருப்பேன். அவர் எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னார். "இறக்கத்திலைதான் கொஞ்சம் பயந்திட்டா."

பையைத் திறந்து கட்டையை எடுத்து, தலைகீழாக நின்ற சைக்கிளின் பெடலுக்கு மேல் வைத்தேன். "நான் பயப்பிடேல்லை அத்தான். பிறேக்கைப் பிடிச்சனான். பிடிக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இருக்கேல்லை. அஞ்சு மாதம் அதை உரசித் தேச்சதும் நீங்கள்தான், காலமை தளர்த்திவிட்டதும் நீங்கள்தான். இதிலை பாருங்கோ." அக்கா தேநீரோடு படியில் நின்றாள், வரவுமில்லை போகவுமில்லை. அத்தான் கட்டையைப் பார்த்தார். எடுத்துப் பார்க்கவில்லை. அவர் வாய் ஒருமுறை அசைந்தது. இதோ, சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பதினைந்து வருடமும் அந்த ஒரு கணத்துக்குள் வந்து நின்றது. "தோட்டத்திலை தண்ணி மாறவேணும்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கிணற்றடியில் மோட்டர் ஓடவில்லை. இறைக்காத தோட்டத்தில் எந்தப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பப் போனார் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

பெறாமகள் கொட்டிலுக்குள் போனாள். ஒரு பெரிய பால்மா ரின்னைத் தூக்கிவந்து என் முன்னால் சாக்கில் கொட்டினாள். எல்லாம் பிறேக் கட்டைகள். ஐம்பது அறுபது இருக்கும். றப்பர் தடிப்பாக, மூன்று வெட்டும் ஆழமாக, பாதிகூடத் தேயாத கட்டைகள்.

"அப்பா ஒவ்வொரு ஞாயிறும் புதுசு மாத்திறவர், சித்தி" என்றாள். "உது இன்னும் நல்லாத்தானே இருக்கு எண்டு சொன்னால் கேக்கமாட்டார். ஏனெண்டு கேட்டாலும் சொல்லமாட்டார்."

"பிறேக்கை இறுக்கி ஓட விடுறவரே?"

"இல்லை. பழைய ரயர் ஒண்டைக் கயித்திலை கட்டி இழுக்க விடுறவர். பிறேக்கை ஒருத்தரும் தொடக்கூடாது. முதல் மாதம் முழுக்கப் பொன்னாலைப் பாலத்திலை நிக்கத்தான் பழக்கினவர். சோக்கட்டியாலை கோடு கீறிவிடுவார், முழு வேகத்திலை வந்து அந்தக் கோட்டிலை நிக்கவேணும். தாண்டினால் திரும்பி முதல்லை இருந்து."

நான் சாக்கில் கிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது நிம்மதிதான். இந்தப் பிள்ளை விழமாட்டாள். அதற்காக அந்த இடத்திலேயே மனதுக்குள் கும்பிட்டேன். அதற்குப் பின்னால் மற்றது வந்தது. இவ்வளவு காலமும் அவரை நான் ஒரு மொக்கன் என்று நினைத்திருந்தேன். தான் செய்தது என்னவென்று தெரியாத மனிசன், தெரிந்தால் சொல்லாமல் இருப்பாரா என்று நினைத்து, என் கோபத்தில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். இப்போது தெரிகிறது, அவருக்கு எல்லாம் தெரியும். எந்தக் கட்டை, எத்தனை திருப்பு, எந்தக் காலை, எல்லாம். மகளுக்கு ஞாயிறுக்கு ஞாயிறு கட்டை மாற்றத் தெரிந்த மனிசனுக்கு, சபையில் என் காலைப் பார்த்து மாமிமார் கேட்கும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு வசனம் சொல்லத் தெரியவில்லை. விட்டுக்கொடுத்த பாதிக் கோபத்தையும் அந்தக் கொட்டில் வாசலில் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அக்கா தேநீரைப் படியில் வைத்துவிட்டு வந்து, பெடலில் இருந்த என் கட்டையை எடுத்தாள். மற்றக் கட்டைகளுக்குப் பக்கத்தில் அது ஒரு சவர அலகைப்போல் மெலிந்து தெரிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. "இதையும் இந்த ரின்னுக்கை போட்டுவிடுறன். இனியும் ஏன் இதைக் காவிக்கொண்டு திரியிறாய்? அவருக்கு வாயாலை சொல்லத் தெரியாதடி" என்றாள்.

"வாயாலை சொல்லத்தானே பதினைஞ்சு வருசமா அவருக்குத் தெரிஞ்சது, நான் மறந்திட்டன் எண்டு" என்றேன். அவளுடைய கையிலிருந்து கட்டையை வாங்கிப் பையில் வைத்தேன். "என்னட்டையே இருக்கட்டும். வேணுமெண்டால் அவர் வந்து கேக்கட்டும்."

பெறாமகள் போட்டிக்குப் போய் வந்துவிட்டாள். ஆறாவது இடம். இறக்கத்தில் இரண்டு பேர் முந்திக்கொண்டு போனார்களாம், இவள் பிறேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினாளாம். முழுக் காலோடு வந்து என் வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னாள், எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது, பிடித்தேன். கட்டை இன்னும் என் பையின் உள்ளறையில் இருக்கிறது. இதை எழுத முன்னும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன், கீறல்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன. சண்டிலிப்பாயிலிருந்து இணுவிலுக்கு நாலு மைல் இருக்கும். வழியில் ஓர் ஏற்றமும் இல்லை. அத்தான் இன்னும் வரவில்லை.